சித்திரக்காரருக்குச் செயற்கை நுண்ணறிவு: திருப்புடைமருதூரிலிருந்து ஒரு செய்முறை

தாமிரபரணியும் கடனாநதியும் சங்கமிக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்துக்குள் ஏறிச் சென்றால், சுவர்களை நிறைத்துக்கொண்டு நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் இருப்பதையும், மரத்தூண்கள்கூட வெறுமையாக விடப்படாமல் செதுக்கப்பட்டிருப்பதையும், புராணக் கதைகளுக்கு நடுவே குதிரைகளை ஏற்றி வரும் அராபியக் கப்பல் ஒன்று தீட்டப்பட்டிருப்பதையும் காணலாம். அந்தச் சுவர்களால் கிளர்ச்சியுற்றுச் சொந்தமாக ஒரு சித்திரம் எழுத விரும்பும் இளம் கலைஞர், சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளைத் தம் கற்பனைக்குத் துணையாக எவ்விதம் பிரயோகிக்கலாம் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். கண்ணால் கண்டதை மனத்தில் மேலும் கிளறிப் பார்க்க அந்தக் கருவி மிகுந்த உபகாரம் செய்யும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கண்டது ஏதாவது முதலில் இருக்க வேண்டும்.

ஆகையால் முதற் காரியம், கோயில் அதிகாரிகளிடம் அநுமதி பெற்று, நோட்டும் பென்சிலுமாகக் கோபுரத்தில் ஏறுவது. செல்போன் பையிலேயே இருக்கட்டும். கப்பலின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் குதிரையின் கழுத்து எப்படிப் பாதியில் அறுந்து நிற்கிறது என்பதையெல்லாம் கை அறியும்படி எழுதிப் பாருங்கள். பிறகு வெளியே வந்து, 2005-ல் பறவைகளுக்கான பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரின் மருத மரங்களையும், அவற்றில் அடையும் கொக்குகளையும், ஆற்று நீரின் நிறத்தையும் இரண்டு பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிரமத்துக்குக் காரணம் உண்டு. உலகில் மிகுதியாகக் கிடைக்கும் படங்களைக் கொண்டே இந்த யந்திரங்கள் பயிற்றுவிக்கப்பட்டிருக்கின்றன. நம் ஆற்றங்கரையின் படங்களோ அவற்றுள் சொற்பம். வெறுங்கையோடு போய், “தாமிரபரணிக் கரையில் ஒரு கோயில்” என்று கேட்டால், பளபளக்கும் கோபுரமும், வரிசை பிசகாத தென்னை மரங்களும், காசியின் சாயல் கொண்ட படித்துறையுமே பெரும்பாலும் வந்து சேரும்.

அடுத்தபடியாக, படம் கேட்பதற்கு முன் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இவ்விதம் தமிழிலேயே எழுதலாம்: “கார் அறுவடை முடிந்த புரட்டாசி மாலை. ஆற்றின் நடுவே குதிரைக் கப்பல். கரையில் மருத மரம், கொக்குகள். இதை நான் வரையப் போகிறேன். நீ படம் போட வேண்டாம், யோசனையும் சொல்ல வேண்டாம். நான் இன்னும் தீர்மானிக்காத விஷயங்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேள்.” வரும் கேள்விகளில் பல வீணாகத்தான் இருக்கும், எனினும், கப்பலில் இருப்பவர் கரையைப் பார்க்கிறாரா, கரையில் இருப்பவர் கப்பலைப் பார்க்கிறாரா என்பது போன்ற ஒன்று வந்துவிட்டால், அதுவே சித்திரத்தின் அமைப்பு முழுவதையும் மாற்றிவிடக் கூடும். பதில்களைக் காகிதத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

அதன் பின்னரே படம். வர்ணம் மனத்தை மயக்கும். ஆதலால் கறுப்பு வெள்ளையில், வெளிச்சமும் நிழலும் விழும் இடங்களை மட்டும் காட்டும் சிறிய மாதிரிகளைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: மாலையைக் காலையாக்குங்கள், புரட்டாசியை ஐப்பசி வெள்ளமாக்குங்கள், பார்வையை மரத்தின் மேலிருக்கும் கொக்கின் இடத்துக்கு ஏற்றுங்கள். வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாமல் மறுகரையிலிருந்தே கருவூர்ச் சித்தர் கூவி அழைக்க, அதைக் கேட்கச் சுவாமி சாய்ந்தார் என்று ஸ்தலபுராணம் சொல்கிறது. லிங்கம் இன்றும் சாய்ந்தே இருக்கிறது. சித்தர் நின்ற மறுகரையிலிருந்து பார்த்தால் கோபுரம் எப்படித் தெரியும் என்று யந்திரத்தைக் கேட்பதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

வந்த மாதிரிகளைத் தயவு தாட்சணியமின்றிப் பரிசோதியுங்கள். குதிரையின் கால் பிசகியிருக்கலாம். தமிழ் எழுத்து உருக்குலைந்திருக்கலாம். இன்ன மன்னர், இன்ன ஆண்டு என்று தயக்கமின்றி அது சொல்வதையும் அப்படியே ஏற்காமல், தொல்லியல் நூல்களிலும் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலும் விசாரித்துக்கொள்வது அவசியம். ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். வைத்துக்கொண்டவற்றையும் மறுநாள் பாராமல், ஞாபகத்திலிருந்தே வரையத் தொடங்குங்கள். நினைவில் தங்காதது சித்திரத்துக்கு வேண்டாதது.

பிறருடைய உழைப்பைத் தொடும் இடத்தில் சம்மதம் பெறுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2024-ல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்ட ஏ. ஆர். ரஹ்மான், அவர்களுடைய குடும்பத்தாரின் அநுமதியைப் பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அந்த மரியாதை, பெயர் வெளியே தெரியாத கைகளுக்கும் உரியது.

சித்திரம் அல்லாமல், பத்தமடை ஊரின் கோரைப் பாய்க்குப் புதுக் கரை வடிவம் தேடுவோரும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நெசவாளரைக் கேளாமல் அவருடைய பாயைப் படம் பிடித்து யந்திரத்துக்குக் கொடுப்பது தகாது. அன்றியும், ஆற்று நீரில் ஊறவைத்து, மெல்லியதாகக் கிழித்த கோரை, பாவு நூலுக்குக் குறுக்கே நேராகவே செல்லும். வளைந்த கொடி படிப்படியான கட்டங்களாகத்தான் பாயில் இறங்கும். யந்திரம் தரும் வளைவுகளைக் கட்டம் போட்ட காகிதத்தில் நீங்களே மாற்றி எழுதி, தறியண்டை உட்கார்ந்து, எந்தக் கட்டம் நெய்ய வராது என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு தடையையும் அடுத்த முறை யந்திரத்துக்கு நிபந்தனையாக எழுதுங்கள்; வடிவம் பாயாக முடிந்தால், அதை உருவாக்கியவர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கட்டும்.