கூரையில் தொடங்கும் மின்கட்டணம்

பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது பாகான் டத்தோ. 2017ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகத் தகுதி உயர்த்தப்பட்ட இப்பகுதி முழுவதும் சமதரையாகும். எங்குப் பார்த்தாலும் தென்னையும் செம்பனையும்தான். ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன் முதலிய இடங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தோட்ட லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, இன்று செங்கல்லாலும் சிமெண்டாலும் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் குடியிருக்கின்றன. அவ்வீடுகளின் சுவர்கள் உறுதியானவை, கூரை ஒழுகுவதில்லை, குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே நீர் வருகிறது. ஆனால், இரவு பத்து மணியான பின்னும் புழுக்கம் அடங்குவதில்லை. பிள்ளைகள் தூங்க முடியாமல் புரள்கிறார்கள். கடைசியில் ஒரு குளிரூட்டி வாங்கப்படுகிறது. அடுத்த மாதம் மின்கட்டணச் சீட்டைப் பார்த்து வீட்டார் திகைக்கிறார்கள்.

வெயில் மறைந்து மூன்று மணி நேரம் ஆகியும் வீடு ஏன் சூடாக இருக்கிறது? செங்கல்லும் கான்கிரீட்டும் மெதுவாகச் சூடேறி, மெதுவாகவே ஆறும் பொருள்கள். பகல் முழுவதும் அவை வெப்பத்தை உள்வாங்கிச் சேமிக்கின்றன. மாலைக்குப் பிறகு, அந்த வெப்பத்தை அறைக்குள் கொஞ்சங் கொஞ்சமாக விடுகின்றன. வெளியே காற்று குளிர்ந்துவிட்ட பின்னும் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் கை சுடுவது இதனால்தான்.

இந்த வெப்பம் எவ்வழியாக உள்ளே வருகிறது என்பதை அறியச் சூரியனின் பாதையைக் கவனிக்க வேண்டும். பாகான் டத்தோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4 பாகையில் உள்ளது. மார்ச் மாத இறுதியிலும் செப்டம்பர் மாத நடுவிலும் நண்பகல் சூரியன் அங்குத் தலைக்கு நேர் மேலே நிற்கும். சூரியன் தெற்கே மிகவும் விலகிச் செல்லும் டிசம்பரில்கூட நண்பகலில் அதன் உயரம் 62 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே, வெயிலை மிகுதியாக வாங்குவது சுவரன்று, கூரைதான். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் சற்று நீண்ட இறவாரமே காத்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருப்பதால், வெயில் இறவாரத்தின் அடியில் நுழைந்து நேராகச் சுவரில் விழும். மாலை வெயிலைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். ஏற்கெனவே சூடேறிய வீட்டை அது மேலும் சூடாக்குகிறது.

கம்பத்து மலாய்க்காரர்கள் கட்டிய பழைய வீடுகளைப் பார்த்தால், இந்தக் கணக்கு அவற்றில் அப்படியே இருப்பது தெரியும். தூண்களின் மேல் உயர்த்திய பலகைத் தரை, செங்குத்தான அத்தாப்புக் கூரை, நீண்ட இறவாரம், தரைவரை நீளும் சன்னல்கள் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். நீப்பா ஓலையால் பின்னப்பட்ட அத்தாப்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. பலகைச் சுவர் வெப்பத்தைச் சேமித்து வைக்காது. வெயில் தாழ்ந்ததும் வீடும் குளிர்ந்துவிடும். இதைக் கூறும்போது பழையன எல்லாம் சிறந்தன என்று எண்ணிவிடக் கூடாது. அத்தாப்பு எளிதில் தீப்பற்றும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தகரம் வேய்ந்த தோட்ட லயங்களோ பகலில் அடுப்பாகக் கொதித்தன. ஒரு சிறிய அறைக்குள் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த லயத்தை நினைத்து ஏங்குவோர் யாரும் இலர். எனினும், தகரம் விரைவில் ஆறிவிடும் என்பதால் இரவில் மட்டும் லயம் சற்று இரக்கம் காட்டியது.

காற்றைப் பற்றியும் பேச வேண்டும். பாகான் டத்தோ கடலோரம் என்பதால் பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். இரவில் நிலக்காற்று கிழக்கிலிருந்து கடலை நோக்கிச் செல்லும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் உள்ள வீட்டில் இக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். இங்கேதான் ஒரு சிக்கல். இதமான கடற்காற்று வரும் அதே மேற்குத் திசையிலிருந்துதான் சுடும் மாலை வெயிலும் வருகிறது. சன்னலை மூடினால் காற்று போய்விடும். திறந்தால் வெயில் வந்துவிடும். அப்பகுதியின் தென்னை மரம் இதற்குப் பொருத்தமான விடை. அதன் உச்சியில் உள்ள ஓலைகள் நிழல் தருகின்றன. கிளையற்ற அடிமரம் காற்றைத் தடுப்பதில்லை. (மரத்தைக் கூரையிலிருந்து தள்ளி நடுவது நல்லது. தேங்காய் விழுந்து உடைந்த ஓடுகளின் செலவு, சேமித்த மின்கட்டணத்தை விழுங்கிவிடும்.) மரம் நட இடமில்லாதவர்கள் மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியைத் தொங்கவிடலாம். திரைச்சீலையை உள்ளே தொங்கவிடுவதைவிட இது மேலானது. கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் திரையில் பட்டாலும், அதன் வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும்.

இனி, குளிரூட்டியைப் பார்ப்போம். கூரை விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் மின்னாற்றலைப் பயன்படுத்துகிறது. ஒரு குதிரைத்திறன் கொண்ட குளிரூட்டிக்கு ஏறத்தாழ 750 வாட் தேவை. அதாவது, பத்து விசிறிகளுக்கு ஈடு. எட்டு மணி நேரத்திற்கு விசிறி 0.6 அலகு மின்சாரத்தையும், குளிரூட்டி இடைவிடாது இயங்கினால் 6 அலகு மின்சாரத்தையும் செலவிடும். உண்மையில் குளிரூட்டியின் கம்ப்ரசர் எப்பொழுதும் முழுவேகத்தில் இயங்குவதில்லை. அறை போதிய அளவு குளிர்ந்ததும் அது ஓய்வெடுக்கும். மேல்தளமும் சுவரும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும் அறையில்தான் அதற்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஐந்து நட்சத்திர முத்திரை பெற்ற குளிரூட்டியை வாங்கியும் கட்டணம் குறையவில்லை என்று புலம்புபவர்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பார்ப்பது நல்லது. ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் விரிப்பது செலவு குறைந்த வழி. அந்தத் தாளின் பளபளக்கும் பக்கம் காற்று நிறைந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டோடு ஒட்டிக்கொண்டால் அதனால் பயன் மிகக் குறைவு.

2010ஆம் ஆண்டில் புத்ராஜெயாவில் கட்டி முடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின் தலைமையகமும் நிழலையே முதல் ஆயுதமாகக் கொண்டுள்ளது. ‘வைரக் கட்டடம்’ எனப்படும் அதன் சுவர்கள் மேலே செல்லச் செல்ல வெளிப்புறமாகச் சாய்கின்றன. அதனால், ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழுள்ள மாடிக்கு இறவாரமாகிறது. தரைக் கான்கிரீட்டில் பதித்த குழாய்களில் இரவில் குளிர்நீர் ஓடும். பகலில் அந்தத் தரையே அறைகளைக் குளிர்விக்கும். வரிசை வீட்டாரை வாட்டும் கான்கிரீட்டின் அதே குணம் அங்கு வேலைக்காரனாக மாறிவிட்டது. வழக்கமான அலுவலகம் ஒன்று சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் 210 கிலோவாட் மணி அளவு மின்சாரத்தைச் செலவிடும். வைரக் கட்டடம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது.

2025 ஜனவரி முதல் நாளன்று நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் பெரிய தொழிற்சாலைகளையும் பெரிய அலுவலகக் கட்டடங்களையும் கருத்திற்கொண்டது. சிறிய வீடுகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. வீடுகளுக்கு 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்கள் உள்ளன. ஓர் அறையின் சன்னல் பரப்பு, தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. காற்று புகும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையென்றால் 12 சதுர அடி சன்னலும், அதில் 6 சதுர அடி திறப்பும் வேண்டும். இவ்விதி சன்னலின் திசையைப் பற்றிப் பேசவில்லை என்பது ஒரு குறையே.

விதிப்படி கட்டிய வீட்டையும் குடியேறிய பின்னர் மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. குடும்பம் பெருகும்போது வரிசை வீட்டின் பின்புறம் சமையலறை நீட்டப்படுகிறது. எல்லைச் சுவர்வரை கூரை போடப்படுகிறது. முன்பு வானத்தைப் பார்த்திருந்த பின்னறைச் சன்னல் இப்போது சமையலறையைப் பார்க்கிறது. காற்று நுழைந்தாலும் வெளியேற வழியில்லை. அடுப்பின் சூடும் படுக்கையறைக்குள் வந்து சேர்கிறது. ஈப்போவின் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்கள், நீண்டு குறுகிய மனையிலும் நடுவில் கூரையில்லாத முற்றத்தை விட்டார்கள். சூடான காற்று அவ்வழியே மேலேறிச் சென்றது; வெளிச்சமும் இறங்கியது. பாகான் டத்தோவில் சமையலறையை நீட்டும் குடும்பமும் பின்னறைச் சன்னலுக்கு வெளியே நான்கடி அகலத்திற்குத் திறந்தவெளியை விட்டுவைக்கலாம். மழைநீர் வடியக் கால்வாய் வேண்டும். திருடர்களுக்கு அஞ்சினால் மேலே கம்பி வலை போடலாம். கூரைத் தகடு வாங்கும் முன்பே இதைக் கட்டடக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கூரை போட்ட பின்னர்ச் சொன்னால் செலவு இரட்டிப்பாகும்.