மாவுக்கட்டோடு கப்பல் பயணம்

கேள்வி: ஹாக்கி ஆடியதில் என் 15 வயது மகனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போகப் பணம் கட்டிவிட்டோம். அழைத்துப் போகலாமா?
– வாசகி, கோவில்பட்டி.

பதில்: கட்டுப்போட்ட மருத்துவர் சம்மதித்தால் போகலாம், அம்மா. அதை எழுத்தில் வாங்குங்கள். கப்பல்காரர்களிடம் இப்போதே சொல்லி, சக்கர நாற்காலியும் லிஃப்ட் பக்கத்து அறையும் கேளுங்கள்.

எனக்குப் பயம் ஊன்றுகோல்தான். ஆடும் கப்பலில், நீச்சல்குளத்தை ஒட்டிய ஈரத்தரையில், தேய்ந்த ரப்பர் முனை சட்டென வழுக்கிவிடும். கிளம்புமுன் புதிதாக மாற்றுங்கள். குளியலறை வாசலிலும் பெரும்பாலும் ஒரு தடுப்பு உயர்ந்திருக்கும். அங்கே யாராவது கைபிடிக்க வேண்டும். சிறு படகில் இறக்கிக் கரைசேர்க்கும் ஊர்களில் அவன் கப்பலிலேயே இருக்கட்டும். நீங்கள் முறைவைத்துத் துணை இருங்கள், தனியே விட்டால் பிள்ளை வாடிப்போவான்.

சென்னைக்குப் போகும் நெல்லை எக்ஸ்பிரஸ் ரயிலில் கீழ் பெர்த்தாகப் பார்த்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே பட்ட காயத்துக்குப் பயணக் காப்பீடு கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். மறு எக்ஸ்ரே நாள் பயணத்துக்குள் விழுந்தால், பணத்தைப் பார்க்காமல் தேதியை மாற்றுங்கள்.