ஜவ்வாது மலையடிவார அணைகளில் பறவை நோக்கல்

கேள்வி: குளிர்காலத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் நண்பருடன் பறவை பார்க்க எந்த நீர்த்தேக்கம் ஏற்றது? எப்போது போகலாம்?

பதில்: மலையின் அடிவாரத்தில் உள்ள அணைகளில் இரண்டைச் சொல்லலாம். செங்கம் அருகே செய்யாற்றின் குறுக்கே குப்பநத்தம். படவேடு அருகே கமண்டல நதியில் செண்பகத்தோப்பு. வலசைப் பறவைகள் அக்டோபர் முதலே தமிழகம் வந்தாலும், வடகிழக்குப் பருவமழையில் அணை தளும்பி நிற்கும்போது கரைப்பறவைகள் குறைவு. நீர் வற்றிச் சேறு வெளித்தெரியும் ஜனவரி, பிப்ரவரியே உகந்த காலம்.

ஆழமான நீரில் நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் போன்ற முங்கி மீன்பிடிக்கும் பறவைகளை எதிர்பார்க்கலாம். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் மேலோட்டமாக மேய்பவை. அவற்றுக்கு அணையைவிடச் சமவெளி ஏரிகளே தோது. கரையோரக் கற்களில் வாலாட்டியையும் உள்ளானையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். சாம்பல் வாலாட்டிக்கு அடிப்பகுதி மஞ்சள், நீண்ட வால் இடைவிடாமல் ஆடும். உள்ளானுக்கு முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. உடலின் பின்பாதியே மேலும் கீழும் அசையும். பறக்கும்போது இறக்கையில் வெண்கோடு தெரியும்.

விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம் முக்கியம். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி மேற்கு நோக்கிப் பார்த்தால் நிறம் தெளியும். இருவரில் ஒருவர் தொலைநோக்கியில் எண்ண, மற்றவர் குறித்துக்கொள்ளலாம். பொங்கல் நாட்களில் சென்றால் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அந்தப் பட்டியலை இ-பேர்டு தளம் வழியே அனுப்பலாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை.