மேற்கத்திய நாடுகளில் முஸ்லிம் சிறுபான்மையினர்: உலக உறவும் உள்ளூர் உரிமையும்

முஸ்லிம்கள் உலகெங்கும் பரவியுள்ள ஒரே சமுதாயத்தினர் என்பது இஸ்லாத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. இச்சமுதாயத்தை அரபு மொழியில் 'உம்மா' என்பர். எந்த நாட்டில் பிறந்தாலும், எந்த மொழி பேசினாலும், ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் சகோதரர். தொழுகையில் முகம் நோக்கும் திசை ஒன்று. ஹஜ்ஜுக்குச் செல்லும் இடம் ஒன்று. நோன்பு நோற்கும் மாதமும் ஒன்று.

இந்த ஒருமை உணர்வைக் காரணமாகக் காட்டியே மேற்கத்திய நாடுகளில் வாழும் முஸ்லிம்கள்மீது ஓர் ஐயம் எழுப்பப்படுகிறது. உடல் இங்கே, மனம் வேறெங்கோ என்பதே அந்த ஐயத்தின் சாரம். இது உண்மைதானா? உண்மை எனில் எந்த அளவுக்கு உண்மை? சிறுபான்மையினராக வாழும் நமக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. ஆகவே, பிரிட்டனை முதன்மைச் சான்றாகவும் பிரான்சைத் துணைச் சான்றாகவும் கொண்டு இதற்கு விடை தேட முற்படுகிறேன்.

லிவர்பூல் வழக்கறிஞரும் உலகப் போரும்

இக்கேள்வியைக் குடியேறிகள்தாம் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. லிவர்பூலில் பிறந்த வில்லியம் ஹென்றி குவில்லியம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் மொரோக்கோ சென்று வந்த பின் 1887ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினார். 1889இல் லிவர்பூலின் புரோஹம் டெரஸ் கட்டடத்தில் தொழுகைக்கு இடம் அமைத்தார். 1894இல் உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவருக்குப் பிரிட்டிஷ் தீவுகளின் 'ஷெய்குல் இஸ்லாம்' என்ற பட்டத்தை வழங்கினார். 1896இல் சூடான்மீது படையெடுப்பு நடந்தபோது, பிரிட்டனுக்காக முஸ்லிம்கள் சக முஸ்லிம்களை எதிர்த்துப் போரிடலாகாது என்று குவில்லியம் ஃபத்வா வெளியிட்டார். வேறு தாய்நாடு எதுவும் இல்லாத ஓர் ஆங்கிலேயர் தம் அரசை எதிர்த்து எழுப்பிய குரல் அது.

முதல் உலகப் போரில் இக்கேள்வி மேலும் கூர்மை அடைந்தது. 1914 நவம்பரில் உதுமானியக் கலீஃபா பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் எதிராக ஜிஹாத் அறிவித்தார். அப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய முஸ்லிம் வீரர்கள் இலட்சக்கணக்கானோர். அவர்களுள் பெரும்பாலோர் பிரிட்டனுக்காகவே போரிட்டனர். இங்கிலாந்து மருத்துவமனைகளில் இறந்த முஸ்லிம் வீரர்களுக்காக வோக்கிங் நகரில் தனி அடக்கத்தலம் அமைக்கப்பட்டது. போபால் பேகம் ஷாஜஹானின் நன்கொடையால் 1889இல் எழுந்த பள்ளிவாசல் அந்நகரில் இன்றும் உள்ளது. மறுபுறம், 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியப் படைவீரர்கள் கலகம் செய்தனர். துருக்கியரை எதிர்த்துப் போரிடத் தங்களை அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி அதன் காரணங்களுள் ஒன்று. ஒரே அழைப்புக்கு இருவேறு மறுமொழிகள் கிடைத்ததைக் கவனியுங்கள். உம்மா உணர்வு மனிதனைப் பொம்மைபோல் ஆட்டுவிக்கும் என்ற கருத்து அன்றே பொய்த்துவிட்டது.

ஊர் உறவிலிருந்து உலக உறவுக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பிராட்ஃபோர்டு போன்ற நகரங்களின் நெசவாலைகளுக்கு வந்தவர்களுள் பலர் ஆசாத் காஷ்மீரின் மீர்ப்பூர் வட்டாரத்தினர். 1960களில் கட்டப்பட்ட மங்களா அணையால் அவ்வட்டாரத்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோர் நிலம் இழந்தனர். கப்பல் தொழிலாளர்களாக லண்டன் வந்த சில்ஹெட் வங்காளியர் மற்றொரு பெரும் பிரிவினர். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவதே பலரின் எண்ணமாக இருந்தது. 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் போக்குவரத்தைக் கடினமாக்கியது. ஆண்கள் தங்கிவிட்டனர். மனைவி மக்களையும் வரவழைத்தனர்.

இத்தலைமுறைக்கு வெளிநாட்டு உறவு என்பது பெரும்பாலும் சொந்த ஊர் உறவுதான். ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அங்கே வீடு கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அங்கேயே சம்பந்தம் பேசினார்கள். மொரோக்கோ முஸ்லிமைப் பற்றியோ போஸ்னியா முஸ்லிமைப் பற்றியோ நினைக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

பிரிட்டனில் பிறந்த பிள்ளைகளின் நிலை வேறு. பாகிஸ்தான், வங்காளதேசம், சோமாலியா, துருக்கி என்று வெவ்வேறு வேர்களைக் கொண்ட இவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் சந்தித்தபோது இவர்களுக்குப் பொதுவாக இருந்தவை இரண்டு: ஒன்று ஆங்கிலம், மற்றொன்று இஸ்லாம். ஆக, உலக முஸ்லிம் என்ற உணர்வு அவர்கள் பிரிட்டிஷ்காரர்களாக மாறியதன் விளைவாகவே வலுப்பெற்றது. இதை நான் மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1.5 மில்லியனாக இருந்த முஸ்லிம்கள், 2021இல் 3.9 மில்லியன் ஆயினர். இது மக்கள்தொகையில் 6.5 விழுக்காடு. இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள்.

இப்புதிய உணர்வு அறப்பணியாகவும் வடிவெடுத்தது. ஆப்பிரிக்கப் பஞ்சத்தைக் கண்டு 1984இல் பர்மிங்ஹாமில் 'இஸ்லாமிக் ரிலீஃப்' தொடங்கப்பட்டது. மறு ஆண்டு லண்டனில் 'முஸ்லிம் எய்டு' தோன்றியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இஸ்லாமிக் ரிலீஃப் ஆச்சேயில் பணியாற்றியது. 2006இல் இலங்கையின் மூதூரில் போரால் மக்கள் இடம்பெயர்ந்தபோது, முஸ்லிம் எய்டு அமெரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் நிவாரண அமைப்புடன் கைகோத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உதவியது. ஜக்காத்தாகவும் நன்கொடையாகவும் சேரும் பணம் பிரிட்டிஷ் அறக்கொடைச் சட்டத்தின்கீழ்க் கணக்குக் காட்டப்பட்டு உலகெங்கும் செல்கிறது.

ஆனால் இந்த உம்மாவுக்குத் தலைமையகம் என்று ஒன்றில்லை. இதற்குப் பிறை நல்ல சான்று. சிங்கப்பூரில் முஃப்தியும் மலேசியாவில் அரச முத்திரைக் காப்பாளரும் நோன்புப் பெருநாளை அறிவித்தால் நாடு முழுவதும் அன்று பெருநாள். பிரிட்டனில் அப்படி அறிவிக்க அதிகாரம் பெற்றவர் எவருமில்லை. வானமோ பெரும்பாலும் மேகமூட்டம். சில பள்ளிவாசல்கள் சவூதி அரேபியாவின் அறிவிப்பை ஏற்கின்றன. சில மொரோக்கோவைப் பின்பற்றுகின்றன. உள்ளூரிலேயே பிறை பார்க்க வேண்டும் என்போரும் உண்டு. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள் விருந்தும் அடுத்த வீட்டில் நோன்பும் நிகழ்கின்றன.

இரண்டு சோதனைகள்

தலைமை இல்லாத இந்த உறவில், சிறுபான்மையினருக்காகப் பேசுபவர் யார் என்ற கேள்வி எழுகிறது. இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

முதலாவது, சல்மான் ருஷ்டி விவகாரம். அவரது 'சாத்தானின் வேதங்கள்' நாவல் 1988 செப்டம்பரில் வெளிவந்தது. பிரிட்டிஷ் முஸ்லிம்கள் முதலில் மனுக் கொடுத்தனர், பின்னர் ஊர்வலம் போயினர். நாட்டின் தெய்வ நிந்தனைச் சட்டம் கிறிஸ்துவத்தை மட்டும் காக்கிறது, எங்கள் சமயத்தையும் காக்கட்டும் என்று பலர் கேட்டனர். ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். அது ஒரு குடிமகனின் கோரிக்கை. 1989 ஜனவரி 14இல் பிராட்ஃபோர்டில் நூலை எரித்தது அக்கோரிக்கைக்குப் பெருங்கேடு விளைவித்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 14இல், ஈரானின் ஆயதுல்லா கொமெய்னி ருஷ்டிக்கு மரண தண்டனை விதித்து ஃபத்வா வெளியிட்டார். அதன்பின் பிராட்ஃபோர்டு முஸ்லிம் எதைச் சொன்னாலும் அது டெஹ்ரானின் எதிரொலியாகவே கேட்கப்பட்டது. 1991இல் நாவலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் கொல்லப்பட்டார். 2022இல் ருஷ்டி அமெரிக்காவில் கத்தியால் குத்தப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். சட்டம் கிறிஸ்துவத்துக்கு மட்டுமே என்று 1990இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அச்சட்டமே நீக்கப்பட்டது.

இரண்டாவது, பிரான்ஸ். அரசுப் பள்ளிகளில் முக்காடு உள்ளிட்ட வெளிப்படையான சமயச் சின்னங்களைத் தடைசெய்யும் சட்டம் 2004 மார்ச்சில் அங்கு நிறைவேறியது. பிரெஞ்சு முஸ்லிம்களில் பலர் அதனை எதிர்த்தனர். ஆகஸ்டு மாதம் ஈராக்கில் ஒரு தீவிரவாதக் குழு இரண்டு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களைக் கடத்தி, சட்டத்தைத் திரும்பப் பெறும்படி மிரட்டியது. பிரெஞ்சு முஸ்லிம் அமைப்புகள், சட்டத்தை எதிர்த்தவையும் சேர்ந்து, அம்மிரட்டலை உடனே கண்டித்தன. அவற்றின் பிரதிநிதிகள் பாக்தாத்துக்கே சென்று பிணையாளிகளை விடுவிக்கக் கோரினர். டிசம்பரில் இருவரும் விடுதலை ஆயினர். சட்டத்தின் மீதான எதிர்ப்பை அவர்கள் கைவிடவில்லை. தங்கள் வழக்கைத் தங்கள் நாட்டில் தாங்களே பேசிக்கொள்வோம் என்று உலகறியச் செய்தனர்.

வாக்கும் வன்முறையும்

2003 பிப்ரவரி 15இல் ஈராக் போருக்கு எதிராக லண்டனில் மாபெரும் பேரணி நடந்தது. அதை ஏற்பாடு செய்த மூன்று அமைப்புகளுள் ஒன்று பிரிட்டன் முஸ்லிம் சங்கம். சமயம் கடந்து மக்கள் திரண்டனர். 2005 ஜூலை 7இல் லண்டன் ரயில்களிலும் ஒரு பேருந்திலும் நால்வர் குண்டு வெடித்து 52 பேரைக் கொன்றனர். அவர்களுள் ஒருவன் உலக முஸ்லிம்களுக்காகப் பழிவாங்குவதாக ஒளிப்பதிவில் கூறியிருந்தான். இறந்தோரில் முஸ்லிம்களும் இருந்தனர். அவனைத் தங்கள் சார்பில் பேசச் சொன்னவர் எவருமில்லை.

2024 ஜூலைப் பொதுத்தேர்தலில், காஸாப் போர் முக்கியப் பிரச்சினையாக இருந்த நான்கு தொகுதிகளில் தொழிற்கட்சியைத் தோற்கடித்துச் சுயேச்சை முஸ்லிம் வேட்பாளர்கள் நாடாளுமன்றம் சென்றனர். தொலைதூரப் போரை முன்வைத்து வாக்களித்தால் உள்ளூர் வீட்டுவசதியையும் பள்ளிக்கூடத்தையும் யார் கவனிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி அது. எனினும், தம் அரசின் வெளியுறவுக் கொள்கையைத் தேர்தலில் மாற்ற முயல்வது குடிமகனின் உரிமை என்பதை மறுக்க இயலாது.

முடிவுரை

மேற்கத்திய முஸ்லிம்களுக்கு உலக முஸ்லிம்களோடு உறவு உண்டு. அதனை மறைக்கத் தேவையில்லை. குற்றமாகக் கருதவும் தேவையில்லை. அந்த உறவை நடத்துவது யார் என்பதே பார்க்க வேண்டியது. 1989இல் பிராட்ஃபோர்டு மக்களின் குரலை வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். 2004இல் பிரெஞ்சு முஸ்லிம்கள் தங்கள் குரலைப் பறிகொடுக்க மறுத்தனர். உள்ளூரில் உரிமையோடு வாழும் சமூகத்தால்தான் அவ்வாறு மறுக்க முடியும். ஆகையால், சிறுபான்மையினரின் விசுவாசத்தை ஐயுறும் பெரும்பான்மையினர், அவர்கள் குறை சொல்ல நாட்டுக்குள் வழி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கடல் கடந்த சொந்தங்களை மறக்காமல் இம்மண்ணில் வாழும் நாமும் இதைச் சற்றுச் சிந்திக்கலாம். நம் பெயரால் வெளியிலிருந்து ஒருவர் பேசும்போது, நாம் அவரைப் பேசச் சொன்னோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.