அழகர் எழுந்தருளும் வழியில்

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கி.மீ. தொலைவில் உள்ள திருமாலிருஞ்சோலைக்கு வரும் யாத்திரிகர் பலர், பெருமாளைச் சேவித்துப் பிரஸாதம் பெற்றதும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகின்றனர். அவ்வளவு அவசரம் வேண்டாம். சித்திரைத் திருநாளில் அழகர் எழுந்தருளும் வழியே நிதானமாகச் சென்றால், காணத்தக்கவையும் கேட்கத்தக்கவையும் பல உண்டு.

முதலில் கோபுர வாசலில் நிற்க. அங்கே விக்கிரகம் இல்லை. சந்தனம் பூசிய, அடைத்த கதவே பதினெட்டாம்படிக் கருப்பராக வணங்கப்படுகிறது. பெருமாளின் சாந்நித்யத்தைக் கவர மலையாள நாட்டிலிருந்து வந்த மந்திரவாதிகள் பதினெண்மர் பிடிபட்டு, இப்படிகளின்கீழ்ப் புதைக்கப்பட்டனர் என்பது கர்ணபரம்பரை. அழகர் மதுரைக்குப் புறப்படுமுன் அவர்தம் திருவாபரணப் பட்டியல் இவ்வாசலில் வாசிக்கப்படும். கோட்டை மதில்களும், முற்றுப்பெறாத ராயகோபுரமும், வஸந்த மண்டபத்தின் இராமாயண ஓவியங்களும் அருகிலேயே உள்ளன. மலைமேல் நூபுர கங்கை. உத்ஸவருக்குத் திருமஞ்சனம் இந்நீரால்தான்.

கள்ளர் திருக்கோலத்தில் இறங்கி வரும் பெருமாள், தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை ஏற்றுக் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குகிறார். தங்கை மீனாக்ஷியின் கல்யாணத்திற்கு வந்தவர், அது முடிந்துவிட்டதறிந்து கோபித்து ஊருக்குள் வராமலே திரும்புகிறார் என்று ஜனங்கள் சொல்வர். கேட்க இனிய கதை. ஆனால் ஸ்தல புராணம் கூறும் காரணம் வேறு: துர்வாஸரின் சாபத்தால் தவளையாகி வைகையில் கிடந்த மண்டூக மஹரிஷிக்கு மோக்ஷமளிக்கவே இப்பயணம். முற்காலத்தில் அழகர் எழுந்தருளியது மதுரைக்கு மேற்கே வைகைக்கரையிலுள்ள தேனூருக்கு. மீனாக்ஷி திருக்கல்யாணத்தையும் அழகர் விழாவையும் சித்திரையில் இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பர். இணைப்பு அரசருடையதாயின், அண்ணன் தங்கைக் கதை அதன்பின் ஜனங்களே கட்டியது போலும். சைவ வைஷ்ணவ பேதத்தை இக்கதை கரைத்த அளவுக்கு வித்வான்களின் வாதங்கள் கரைத்ததில்லை என்பது அடியேனது எண்ணம்.

வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் இல்லத்தில் தங்குகிறார் என்ற வழக்கும் உண்டு. தங்குமிடம் வீரராகவப் பெருமாள் கோயிலே. அடுத்து, மண்டூக மோக்ஷம் நிகழும் வைகையின் மண்டபத்தைத் தவறாமல் காண்க. வண்டியூர்ப் பக்கத்திலிருந்தும் அதன் பெயர் தேனூர் மண்டபம்; பழைய தேனூர் உத்ஸவத்தின் எச்சம் அப்பெயரில் நிற்கிறது. அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதார ஸேவை. பின்னர் பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்பும் பெருமாளின் திருவாபரணங்கள், கருப்பர் வாசலில் மீண்டும் பட்டியலோடு சரிபார்க்கப்படுகின்றன.