நிழற்படத்தின் அமைப்பு

ஓவியர் வெறுந்திரையில் வேண்டியவற்றைச் சேர்த்துப் படம் ஆக்குகின்றார். நிழற்படம் எடுப்பவரோ கண்முன் பரந்து கிடக்கும் காட்சியினின்றும் வேண்டாதவற்றை விலக்கிப் படம் ஆக்குகின்றார். நிழற்படக் கருவிக்கு இது வேண்டும், இது வேண்டா என்னும் அறிவு இல்லை. எதிரில் உள்ள அனைத்தையும் அஃது ஒன்றுபோலவே பற்றிக்கொள்ளும். ஆதலின், தேர்ந்து கொள்ளும் பொறுப்பு எடுப்பவரையே சாரும். அத்தேர்வினாலேயே படத்திற்கு நல்ல அமைப்பு உண்டாகின்றது.

இதற்குச் சான்று ஒன்று காண்போம். 1936-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், நிப்போமோ என்னும் ஊரருகே, பட்டாணி பறிக்க வந்த கூலியாளர் பலர் கூடாரமிட்டுத் தங்கியிருந்தனர். கடுங்குளிரில் பயிர் அழிந்துபோகவே, அவர்கள் வேலையின்றிப் பசியால் வாடினர். அரசாங்கத்தின்பொருட்டுப் படம் எடுத்து வந்த டாரத்தியா லாங் என்னும் அம்மையார் அவ்விடத்தைக் கடந்து ஏறத்தாழ 20 மைல் சென்றபின், மனம் பொறாது திரும்பி வந்தார். அங்கே 32 வயதுடைய தாய் ஒருவர் தம் மக்களோடு அமர்ந்திருந்தார்.

அம்மையார் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் கூடாரமும் பிற பொருள்களும் பெரிதும் இடங்கொண்டன. தாயின் துயரம் அவற்றிடையே மறைந்தது. எனவே அவர் படிப்படியாக நெருங்கிச் சென்றார். இறுதிப் படத்தில் மடியில் ஒரு கைக்குழந்தை. இருபுறமும் முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் சாய்ந்த இரு சிறுவர். அவர்தம் முகங்கள் தெரியாமையால், காண்போர் நோக்கம் தாயின் முகத்திலேயே நிலைபெறுகின்றது. கன்னத்தருகே உயர்ந்த கையும் நம் பார்வையை அம்முகத்திற்கே செலுத்துகின்றது. விலக்கியவை பல, விளங்கியது ஒன்று.

அப்படங்கள் செய்தித்தாளில் வெளிவந்தபின், 20,000 பவுண்டு உணவுப்பொருள் அங்கு அனுப்பப்பெற்றது. ஆனால், அதற்குள் அத்தாய் மக்களுடன் வேறிடம் சென்றுவிட்டார். அம்மையார் அவர் பெயரைக் கேட்டறியவில்லை. அவர் ஃபிளாரன்சு ஓவன்சு தாம்சன் என்பதை உலகம் 1978-இல்தான் அறிந்தது. பலர் பசி தீரத் துணைசெய்த படம் அவருக்குப் பொருள் எதனையும் ஈட்டித் தரவில்லை.

மாணவர்களே! படம் எடுக்குமுன் நான்கு மூலைகளையும் நோக்குங்கள். கருத்திற்கு உதவாதது தென்படின், ஓரடி முன்செல்லுங்கள். அல்லது சற்றே விலகி நில்லுங்கள். எதிரில் இருப்பவர் மனிதராயின், முதற்கண் அவர் பெயரைக் கேளுங்கள்.