பிள்ளையின் படிப்பும் வீட்டுப் பத்திரமும்

பெற்றோரே, பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்ததும் தனியார் பல்கலைக்கழகங்களின் விளம்பரங்கள் வீடு தேடி வருகின்றன. பிள்ளை அதில் ஒன்றைக் காட்டி, "இங்கேதான் படிப்பேன்" என்கிறான். கையில் பணமில்லை, வங்கிக் கடனை நினைக்கிறீர்கள். நினைப்பது தவறல்ல. கணக்குப் பாராமல் கையெழுத்திடுவதே தவறு.

"படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம்" என்று வங்கியில் சொல்வார்கள். மெய்தான். ஆனால் அந்தக் காலமெல்லாம் வட்டி தூங்குவதில்லை. நான்கு வருஷப் பொறியியல் படிப்புக்கு வருஷத்துக்கு 2 லட்சமாக 8 லட்சம் வாங்குகிறீர்கள். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாங்கிய 2 லட்சம் ஐந்து வருஷம் வட்டி சுமக்கிறது: 1 லட்சம். இரண்டாவதற்கு 80,000, மூன்றாவதற்கு 60,000, நான்காவதற்கு 40,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 10,80,000 ரூபாய்! அதைப் பத்து வருஷத்தில் தீர்க்க மாதம் ஏறக்குறைய 14,270 ரூபாய் வேண்டும்.

இதற்கு வழியில்லையா? உண்டு. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் பிற்பாடு தவணை 10,570 அளவில் நிற்கும். முதல் வருஷம் அந்த வட்டி மாதம் 1,700 ரூபாய்கூட ஆகாது. நான்காம் வருஷம் முதல் 6,700 வரை ஏறும். கஷ்டந்தான், ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்த கஷ்டம்.

ஈட்டு விஷயத்தையும் கவனியுங்கள். கடன் 7½ லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். நகையோ சேமிப்போ கொண்டு 50,000 ரூபாயைக் குறைத்தால், மேற்சொன்ன குடும்பத்தின் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். 2024 நவம்பரில் மத்திய அரசு அங்கீகரித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடும் ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையுள்ள கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் அது வருஷத்துக்கு 1 லட்சம் மாணவருக்கே. அன்றியும், பட்டியலிலுள்ள கல்வி நிலையங்களுக்கு மாத்திரமே இத்திட்டம் பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. ஆகையால் முன்பணம் கட்டுமுன்பே விசாரியுங்கள். வங்கி மேலாளரிடம் கேள்வி கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். கந்துவட்டிக்காரரிடம் போக மட்டும் கூச்சமில்லை.

ரசீதில்லாத "நன்கொடை" கேட்டால் கொடாதீர்கள். இடத்துக்காக அப்படிப் பணம் வாங்குவதை 1992-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் தடுத்துவிட்டது. வங்கியும் அதற்குக் கடன் தராது.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தோடு அவன் கையெழுத்தும் விழப்போகிறது.